இரண்டாமவர் கையில் இருக்கும் கணக்கு

ஓசூர் சிப்காட்டைச் சுற்றிச் சிறு பட்டறை நடத்துகிறவர்கள், நான் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "சார், மிலிட்டரி ஆர்டர் எடுக்கணும்னா யாரைப் பார்க்கணும்?" 2018 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அறிவிக்கப்பட்டு, சென்னை, கோவை, சேலம், திருச்சியோடு ஓசூரும் அதில் ஒரு முனையம் என்று ஆன பிறகு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்கிறவர் மனதில் குடியரசு தின அணிவகுப்பில் பார்த்த தலைமைத் தளபதியின் முகம் இருக்கும். நான் அவருக்கு அடுத்த நாற்காலியைச் சொல்வேன். தரைப்படையின் துணைத் தளபதி. எந்தத் தளவாடம் தேய்ந்துவிட்டது, எது கையிருப்பில் இல்லை, எதை முதலில் வாங்க வேண்டும் என்ற பட்டியல் அவருக்குக் கீழே உள்ள கிளைகளில்தான் உருவாகிறது. அவசரத்துக்கு வெடிமருந்தும் உதிரிபாகமும் வாங்கும் அதிகாரத்தை 2017-இல் அரசு அவருக்குக் கூட்டிக் கொடுத்தது. பெரிய கொள்முதலுக்குக் கடைசிக் கையெழுத்து அமைச்சகத்தில் விழும். ஆனால், "இது இல்லாமல் படை தவிக்கிறது" என்று எழுதி அனுப்புகிற இடம் இதுதான்.

அந்த நாற்காலியின் மிகச் சின்ன வடிவத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு ரெஜிமென்ட்டிலும் அதன் கட்டளை அதிகாரியான சி.ஓ.வுக்கு அடுத்தபடியாக ஒருவர் உண்டு. காகிதத்தில் செகண்ட்-இன்-கமாண்ட், பேச்சில் டூ-ஐ-சி. தம்பிகள் "டூ-ஐ-சி சாப்" என்பார்கள். தம்பி என்பது பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்களுக்குப் பட்டாளம் முழுக்க வழங்கும் பெயர். 1780-இல் தொடங்கிய அந்தப் படைப்பிரிவின் மையம் பெங்களூரு அல்சூரில் இருக்கிறது, ஓசூரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர். ராயக்கோட்டை, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பையன்களுக்குப் பட்டாளம் என்றாலே அல்சூர்தான். நானும் அங்கே சாப்பராகச் சேர்ந்து, பிறகு டேராடூன் ஆர்மி கேடட் காலேஜ் வழியாக அதிகாரியானவன்.

சி.ஓ. எதிரியைப் பார்க்கிறார், மேலிடத்தைப் பார்க்கிறார். மீதியெல்லாம் டூ-ஐ-சியின் தலையில். ரேஷன், வண்டி, டீசல், லங்கர், கேன்டீன், ரெஜிமென்ட் நிதி, பயிற்சி அட்டவணை, லீவுப் பட்டியல். இதில் லீவுப் பட்டியலை யாரும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஒரு தம்பிக்கு மாங்காய் அறுவடை, இன்னொருவனுக்கு ஊர் மாரியம்மன் திருவிழாவில் தன் முறை, மூன்றாமவனுக்கு மனைவிக்குப் பிரசவ தேதி. எல்லோரையும் அனுப்பினால் கம்பெனி காலி. யாரை இப்போது அனுப்புவது, யாரை அடுத்த மாதம் என்று முடிவு செய்து, முடியாது என்பதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்லவும் வேண்டும். அதைக் கிளார்க் மூலமாகச் சொல்லி அனுப்புகிற டூ-ஐ-சியை எந்த ரெஜிமென்ட்டும் மதித்ததில்லை.

எங்கள் பக்கத்துத் தம்பிகளுக்கு இன்னொரு தலைவலி இருந்தது: நிலம். தொழிற்சாலைகள் வர வர, ஓசூரைச் சுற்றிய மானாவாரிக் காட்டுக்கெல்லாம் விலை ஏறியது. அண்ணன் எல்லையில் நிற்பான், ஊரில் பங்காளி பத்திரத்தோடு ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய்விடுவான். கடுதாசி வந்ததும் பையன் சாப்பிட மாட்டான், டியூட்டியில் கவனம் இருக்காது. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை. ரெஜிமென்ட் முத்திரையோடு தர்மபுரி கலெக்டருக்குக் கடிதம் எழுதுவது என் மேஜை வேலை. சர்வே எண், பட்டா எண், தாய்ப்பத்திரத்தின் தேதி எல்லாவற்றையும் அவனிடம் கேட்டுத் தெளிவாக எழுதினால் பதில் வரும். "ஆவன செய்ய வேண்டுகிறேன்" என்று மொட்டையாக எழுதினால் எதுவும் நடக்காது. சண்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இளம் அதிகாரிகள் கேட்பார்கள். கண்ணி புதைக்கிறவனின் கை நடுங்காமல் இருக்க வேண்டும் என்றால் சம்பந்தம் உண்டு.

2001 டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு படைகள் மேற்கு எல்லைக்கு நகர்ந்தன. ஆபரேஷன் பராக்ரம். நான் டூ-ஐ-சியாக இருந்த ரெஜிமென்ட் ராஜஸ்தான் மணலில் நிலக்கண்ணி புதைக்க இறங்கியது. பொங்கலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்த தம்பிகளை வரிசையில் நிறுத்தி லீவு ரத்து என்று சொன்னதுதான் அந்தப் படைநகர்வில் என் முதல் வேலை.

கண்ணிவயல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு உண்டு. எந்த அடையாளக் கல்லிலிருந்து வரிசை தொடங்குகிறது, எந்தத் திசைக்கோணத்தில் எத்தனை மீட்டர் போகிறது, எத்தனை வரிசை, எந்த வகைக் கண்ணி எத்தனை, புதைத்த குழு எது, முள்வேலி எங்கே என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எம்-14 என்ற சின்னக் கண்ணியின் உடம்பு பிளாஸ்டிக். உலோகம் மிகக் கொஞ்சம் என்பதால் தேடும் கருவிக்கு எளிதில் அகப்படாது. நாளைக்கு அதை எடுக்கப் போகிறவனுக்குப் புதைத்தவன் எழுதி வைத்த காகிதம்தான் கண். அந்தக் காகிதம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு முறை வைத்திருந்தோம். கண்ணிக்கு உயிரூட்டும்போது அதன் பாதுகாப்புக் கிளிப்பைக் கழற்றுவார்கள். கழற்றிய கிளிப்புகளை எல்லாம் மணல்மூட்டைப் பைகளில் சேர்த்து இரவில் என் கூடாரத்துக்குக் கொண்டு வர வேண்டும். ஸ்டோரிலிருந்து போன கண்ணி, திரும்பி வந்த கண்ணி, பையில் இருக்கும் கிளிப், பதிவேட்டில் எழுதியிருக்கும் எண்ணிக்கை, நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

ஓர் இரவு பொருந்தவில்லை. ஒரு கம்பெனியின் சுபேதார் தார்ப்பாயில் கிளிப்புகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து அடுக்கினார். குளிரில் விரல் மடங்கவில்லை, ஒவ்வொரு குவியலையும் இரண்டாம் முறை எண்ணினார். "சாப், ஒண்ணு குறையுது." வேலூர்ப் பக்கத்துக்காரர், பதற்றப்படாத மனிதர், குரல் மட்டும் இறங்கியிருந்தது. பிரிகேடுக்கு விடியற்காலையில் "வயல் முடிந்தது" என்று செய்தி போயாக வேண்டும். சி.ஓ. வந்தார். வடநாட்டுக்காரர், நல்ல தளபதி, அன்றைக்கு மூன்று பக்கத்திலிருந்தும் நெருக்கடி. மணலில் ஒரு கிளிப் விழுந்திருக்கும், அனுப்பிவிடலாம் என்றார். நான் அவரைத் தனியாக அழைத்து, பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கும், காலையில் பெட்டிகளைத் திரும்பப் பார்க்காமல் போட முடியாது என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அவரே போனை எடுத்து, மதியம் வரை அவகாசம் வேண்டும் என்று பிரிகேடிடம் சொன்னார். அந்தப் பேச்சு அந்த இடத்தோடு நின்றது. வெளியே போன உத்தரவு சி.ஓ.வின் உத்தரவு. தம்பிகளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதற்கு மேல் தெரியவும் கூடாது.

காலையில், ஸ்டோருக்குத் திரும்பிய காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தோம். ஒன்றின் அடியில் பேக்கிங் அட்டைக்குக் கீழே ஒரு கண்ணி, கிளிப் கழற்றாமல் அப்படியே இருந்தது. வயலில் புதைந்ததைவிட ஒன்று கூடுதலாகப் பதிவேட்டில் ஏறியிருந்தது. கேட்பவருக்கு இது ஆபத்தில்லாத பிழையாகத் தெரியும், ஒன்று குறைவாகத்தானே புதைந்தது என்று. மறு வருடம் கண்ணி எடுக்கப் போகும் குழுவை நினைத்துப் பாருங்கள். எண்ணிக்கை சேரும்வரை அவர்கள் வயலைவிட்டு வர முடியாது. இல்லாத கண்ணியைத் தேடி, இருக்கிற கண்ணிகளுக்கு நடுவே முழங்காலில் ஊர்ந்துகொண்டே இருப்பார்கள். 2002 அக்டோபரில் படைகளைத் திரும்பப் பெற முடிவான பிறகு கண்ணி எடுக்கும் வேலை நெடுநாள் ஓடியது. காற்று மணல்மேட்டை இடம் மாற்றியிருந்தது, வேலிக்கம்பிகள் புதைந்திருந்தன. போர் நடக்காத அந்தப் படைநகர்வில் கண்ணி விபத்துகளில் போன உயிர்கள் பல. நாங்கள் புதைத்த வயல்களில் சிலவற்றை வேறொரு ரெஜிமென்ட் எடுத்தது. அதன் அதிகாரியை நான் பார்த்ததுகூட இல்லை. என் பதிவேடுதான் அவர் கையில் இருந்தது.

பாரமகால் என்று பழைய பெயர் கொண்ட எங்கள் பக்கத்துக்கு, இரண்டாமவர் கணக்கெழுதுவது புதிதல்ல. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த கிருஷ்ணகிரி, தர்மபுரிச் சீமையை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை அனுப்பினார்கள். அவருக்கு உதவியாளராக வந்த லெப்டினன்ட்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து, ஒவ்வொரு குடியானவனின் வரியையும் தனித்தனியாகக் கணக்கெழுதிய அந்த உதவியாளர்தான் பிறகு ரயத்துவாரி முறைக்கே பெயராக நின்றார், 1820-இல் சென்னை மாகாண ஆளுநரும் ஆனார். ரீட்டின் பெயர் இன்று இங்கே யாருக்கும் நினைவில்லை. நான் ரீட்டையும் மதிக்கிறேன். இரண்டாமவன் கணக்கெழுத இடம் கொடுத்த முதலாமவர் அவர்.

இரண்டாமவரைச் சண்டையிலிருந்து ஒதுக்கி வைப்பது பழைய வழக்கம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் பட்டாலியன்கள் தாக்குதலுக்குப் போகும்போது ஒரு பகுதி ஆட்களை வேண்டுமென்றே பின்னால் நிறுத்திவிட்டுப் போகும். மொத்தமும் அழிந்தாலும் அந்தச் சிலரை வைத்துப் பட்டாலியனை மறுபடி கட்டலாம் என்பது எண்ணம். சி.ஓ. முன்னால் போனால் டூ-ஐ-சி பின்னால். இருவரும் ஒரே வண்டியில் ஏறாமல் பார்த்துக்கொள்வதும் இதனால்தான். பின்னால் நிற்பது எவ்வளவு கடினம் என்பது நின்றவர்களுக்குத் தெரியும். ஒயர்லெஸ்ஸில் பெயர் பெயராக இழப்புச் செய்தி வரும், நீ தண்ணீரும் குண்டும் மேலே ஏற்றிக்கொண்டிருப்பாய்.

ஆனால், அந்த வழக்கத்தை மீற வேண்டிய வேளையும் வரும். 1999 ஜூன் தொடக்கம், கார்கில் போர், டோலோலிங் மலை. 18 கிரெனேடியர்ஸ் பட்டாலியன் அந்தச் சரிவில் பல நாள் அடி வாங்கிக்கொண்டிருந்தது. அதன் டூ-ஐ-சி லெப்டினன்ட் கர்னல் ஆர். விஸ்வநாதன், கேரளத்துக்காரர், தாமே ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேலேறினார். காயம்பட்டு அங்கேயே இறந்தார். வீர் சக்ரா கொடுத்தார்கள். கணக்குப் பார்க்கிறவன் என்று ஜவான்கள் நினைத்திருந்த மனிதர் தங்களுக்கு முன்னால் ஏறியபோது அந்தப் பட்டாலியனுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். டோலோலிங் ஜூன் மத்தியில் மீட்கப்பட்டது.

அதே கார்கிலில்தான் மேலிடத்து இரண்டாமவரின் வேலையும் வெளிச்சத்துக்கு வந்தது. ஊடுருவல் செய்திகள் வரத் தொடங்கிய மே மாதத்தில் தலைமைத் தளபதி வி.பி. மாலிக் போலந்து, செக் நாடுகளுக்குப் பயணம் போயிருந்தார். மே 10-இல் கிளம்பியவர் 20-இல் திரும்பினார். இடைப்பட்ட நாட்களில் டெல்லியில் பொறுப்பு துணைத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் சந்திரசேகரிடம். வான்படைத் தளபதி டிப்னிஸிடம் ஆயுத ஹெலிகாப்டர் கேட்டுப் பேசியவர் அவர். அரசின் அனுமதி இல்லாமல் முடியாது என்று வான்படை நின்றது. அனுமதி மே 25-இல் கிடைத்தது, மறுநாள் விமானங்கள் களமிறங்கின. தலைவர் ஊரில் இல்லாதபோது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எழுதிய விதி கிடையாது. அதிகம் போனால் அத்துமீறல், குறைவாகப் போனால் தாமதம். அந்தப் பத்து நாட்களைப் பற்றி டெல்லியில் பலர் பலவிதமாகக் குறை சொன்னார்கள். அந்த நாற்காலியில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்காமல் சொல்லக்கூடிய குறைகள் அவை என்பது என் எண்ணம்.

ரெஜிமென்ட்டில் டூ-ஐ-சிக்குக் கம்பெனி கமாண்டர்கள் எல்லோரும் கீழ்ப்பட்டவர்கள். டெல்லியில் அப்படி இல்லை. வடக்கு, மேற்கு, தென்மேற்கு, மத்திய, கிழக்கு, தெற்கு, பயிற்சி என ஏழு கமாண்ட்களின் தலைவர்களும் துணைத் தளபதியும் ஒரே தரம். ஏழாவது ஊதியக் குழுவின்படி எல்லோருக்கும் 2,25,000 ரூபாய், தலைமைத் தளபதிக்கு மட்டும் 2,50,000. ஆகவே துணைத் தளபதி அவர்களுக்கு ஆணையிட முடியாது. தலைவரின் பெயரில் பேசலாம், கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். அவருடைய பலம் முழுக்கக் கணக்கில்தான் இருக்கிறது.

அந்தப் பதவிப் பெயர் 1965-இல் வந்தபோது அதில் முதலில் அமர்ந்தவர் நம் பழைய சேலம் மாவட்டத்துக்காரர் என்பதை இங்கே எத்தனை பேரிடம் சொன்னாலும் வியக்கிறார்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம், முன்னாள் முதலமைச்சர் ப. சுப்பராயனின் மகன், பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். பீரங்கிப் படைக்காரர். இரண்டாம் உலகப் போரின் வட ஆப்பிரிக்க முனையில் டி.எஸ்.ஓ. பதக்கம் பெற்று, பிறகு பிடிபட்டு, இத்தாலியில் கைதிமுகாமிலிருந்து தப்பி, மறுபடி பிடிபட்டு ஜெர்மனியில் சிறையிருந்தவர். 1965 செப்டம்பர் போரில் தலைமைத் தளபதி ஜே.என். சௌத்ரிக்கு அடுத்த நாற்காலியில் இருந்தார். அந்தப் போர் நடந்தபோது ஓசூரும் கிருஷ்ணகிரியும் அவருடைய ஊரும் ஒரே மாவட்டம். தர்மபுரி பிரிந்தது அதற்கடுத்த அக்டோபர் 2-இல். 1966 ஜூனில் அவரே தலைமைத் தளபதியாகி மூன்றாண்டு இருந்தார். சீனாவுடன் நாதுலா, சோலா சண்டைகள் நடந்தது அவர் காலத்தில். ஓசூரில் சாலைகளுக்கும் நகர்களுக்கும் எத்தனையோ பெயர் வைக்கிறோம். அவர் பெயர் இந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. வர வேண்டும்.

இரண்டாமவர் முதலாமவர் ஆவார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 1983-இல் துணைத் தளபதி எஸ்.கே. சின்ஹாவைத் தாண்டி ஏ.எஸ். வைத்யாவைத் தலைமைத் தளபதி ஆக்கினார்கள். சின்ஹா விலகிப் போனார், பிற்பாடு அசாமுக்கும் காஷ்மீருக்கும் ஆளுநராக இருந்தார். அப்போது பட்டாளத்தில் இது பெரிய பேச்சு. நாற்காலிக்காகக் காத்திருந்து கிடைக்காமல் போனவர் என்ற பரிதாபத்தோடு அவரைப் பேசினார்கள். எனக்கு அந்தப் பரிதாபம் பிடிக்கவில்லை. துணைத் தளபதியாக அவர் செய்த வேலை வேலைதானே.

இப்போதைய சிக்கல் இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. 2016-லிருந்து 2024 வரை வந்த தலைமைத் தளபதிகளைப் பாருங்கள். பிபின் ராவத் 2016 செப்டம்பரில் துணைத் தளபதி, டிசம்பர் 31-இல் தலைமைத் தளபதி. நரவணே 2019 செப்டம்பர், டிசம்பர் 31. மனோஜ் பாண்டே 2022 பிப்ரவரி, ஏப்ரல் 30. உபேந்திர திவிவேதி 2024 பிப்ரவரி, ஜூன் 30. நான்கு பேரும் திறமைசாலிகள், அதில் சந்தேகமில்லை. ஆனால், மூன்று நான்கு மாதத்தில் துணைத் தளபதியின் மேஜைக் கோப்புகளைப் படித்து முடிக்கக்கூட முடியாது. நடுவில் வந்த மற்றவர்களும் அறுபது வயதில் ஓய்வு என்ற விதியால் பெரும்பாலும் ஓராண்டு, அதற்குச் சற்று மேல். அமராவதிநகர் சைனிக் பள்ளியில் படித்த நம் தேவராஜ் அன்பு பதினைந்து மாதம் இருந்தார், அதுவே நீண்ட காலம் என்ற கணக்கில் வருகிறது. 2016 செப்டம்பரிலிருந்து 2024 ஜூன் வரை, எட்டு ஆண்டுகூட நிறையாத காலத்தில், பத்துப் பேர் அந்த நாற்காலிக்கு வந்து போனார்கள்.

அது எப்படிப்பட்ட நாற்காலி என்பதற்கு 2018 மார்ச் ஒரு சான்று. அப்போதைய துணைத் தளபதி சரத் சந்த் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவின் முன் உட்கார்ந்து கணக்கைத் திறந்து வைத்தார். நம் தளவாடங்களில் 68 சதவீதம் பழசு, 24 சதவீதம் நடப்பு, நவீனம் என்று சொல்லத்தக்கது 8 சதவீதம். இருக்க வேண்டியதோ பழசு 30, நடப்பு 40, நவீனம் 30. நவீனமயமாக்கலுக்கு ஒதுக்கிய தொகை 21,338 கோடி, ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டதற்குக் கட்ட வேண்டிய தவணை மட்டும் 29,033 கோடி. சீருடையில் இருக்கிற ஒருவர் அரசு ஒதுக்கிய பட்ஜெட்டைப் பற்றி இப்படிப் பேசுவது எளிதில்லை. வெளியில் மைக்கைப் பிடித்துப் பேசவில்லை, மேடை போட்டுப் புலம்பவில்லை. கேட்க உரிமை உள்ள அறைக்குள், கேட்டவர்களிடம், எண்ணோடு சொன்னார். அந்த அறிக்கை பேப்பரில் வந்த அன்று அதை வெட்டி எடுத்து வைத்தேன். கிளிப் ஒன்று குறைகிறது என்று சுபேதார் சொன்ன அதே வேலை அது, அளவுதான் வேறு.

ஓசூர்ப் பட்டறைக்காரருக்கு இதெல்லாம் எதற்கு? வண்டிக்கு ஒரு பிராக்கெட்டோ, பாலத் தளவாடத்துக்கு ஒரு பின்னோ செய்து மாதிரி கொடுத்தால், தேவை எழுதுவது, மாதிரி சோதனை, கோடையில் ராஜஸ்தானிலும் குளிரில் லடாக்கிலும் பயன்படுத்திப் பார்ப்பது, விலைப்பேச்சு என்று வருடக்கணக்கில் ஓடும். பட்டறையில் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் மேலே மூன்று துணைத் தளபதிகள் மாறியிருப்பார்கள், ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்பார்கள். கோப்பைத் தெரிந்தவர் போய்விட்டால் கோப்பு உயிரோடு இருந்தும் பயனில்லை. 2020-இல் தலைமையகத்தைத் திருத்தி துணைத் தளபதிக்குக் கீழே மூன்றாவதாக ஓர் உதவித் தளபதிப் பதவியை உருவாக்கினார்கள், நல்லது. அதைவிட அவசியமானதைத் தொடவில்லை. தலைமைத் தளபதிக்கு மூன்றாண்டு அல்லது 62 வயது என்று விதி இருக்கிறது. துணைத் தளபதிக்கும் குறைந்தது இரண்டாண்டு என்று ஒரு விதி வேண்டும். அந்த இரண்டாண்டுக்குள் தலைமை நாற்காலி காலியானால் அவரைத் தூக்கி அதில் வைக்க வேண்டியதில்லை. ஏழு கமாண்டர்களிலிருந்து ஒருவரை எடுக்கலாம், அவர்களும் அதே தரம்தானே. முன்னாள் ராணுவத்தினர் கூடும் இடங்களில் இதைச் சொல்லி வருகிறேன். தொழில்முனைவோர் சங்கக் கூட்டங்களில் யாராவது, "யாரைப் பார்க்கணும் சார்?" என்று கேட்கும்போது, பார்க்க வேண்டியவர் அங்கே இரண்டாண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று உங்கள் எம்.பி.யிடம் முதலில் கேளுங்கள் என்று பதில் சொல்கிறேன்.